மிருகவதைத் தடுப்பு: கொச்சி தரும் பாடம்

புது தில்லி: தெருவில் திரியும் பிராணிகளை அடித்துத் துன்புறுத்துவது குற்றம் என்பது 1960-ம் ஆண்டிலிருந்தே இந்நாட்டின் சட்டம். அக்குற்றத்தை முதல் முறை செய்பவருக்கு மிருகவதைத் தடுப்புச் சட்டம் விதிக்கும் அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு என்பது 2001-ம் ஆண்டிலிருந்து விதி. அப்பொறுப்பை நிறைவேற்றத் தவறும் உள்ளாட்சிக்கோ இவ்விதிகளில் 50 ரூபாய் அபராதம்கூட இல்லை.

இவ்விரு உண்மைகளுக்கும் இடையில்தான் நாய்க்கடிக்கு அஞ்சும் மக்களும், நாய்களுக்கு உணவிடும் தன்னார்வலர்களும் ஒருவரையொருவர் எதிரிகளாகப் பார்க்கும் நிலை உருவாகியுள்ளது. 2025-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகள் இப்பிரச்சினையைத் தேசிய விவாதமாக்கின. ஆனால், அவ்விவாதத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் எல்லாக் கட்டங்களையும் கடந்து வந்த நகரம் கொச்சி. உள்ளாட்சியும் தன்னார்வலர்களும் சேர்ந்து செயல்பட்டால் என்ன நடக்கும், சேராவிட்டால் என்ன நடக்கும் என்ற இரு கேள்விகளுக்கும் எர்ணாகுளம் மாவட்டத்தின் அனுபவத்தில் பதில் இருக்கிறது.

புறாக்களின் தெரு, நாய்களின் சந்து

கொச்சியின் பழைய வணிக நகரமான மட்டாஞ்சேரியில், குஜராத்தி தெருவில் 1904-ல் கட்டப்பட்ட தர்மநாதர் சமணக் கோயில் இருக்கிறது. நண்பகலில் அங்கு புறாக்களுக்குத் தானியம் இடுவது நெடுநாள் வழக்கம். கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், யூதர்கள், தமிழர்கள் எனப் பல சமூகத்தினர் தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி அது. உயிர்களுக்கு உணவிடுவதை அறமாகக் கொண்ட வீடுகளும், மீன், இறைச்சி விற்பனையை வாழ்வாதாரமாகக் கொண்ட கடைகளும் அங்கு அருகருகே உள்ளன. இத்தகைய நெரிசலான சந்துகளில், அள்ளப்படாத கழிவு எங்கு தேங்கினாலும் அங்கு நாய்கள் கூடும். நாய்கள் கூடுமிடத்தில் கடியும், கடிக்குப் பின் கல்லெறியும், கல்லெறிக்குப் பின் விஷமும் வர நெடுநாள் ஆவதில்லை.

1967-ல் எர்ணாகுளம், மட்டாஞ்சேரி, கொச்சிக் கோட்டை நகராட்சிகள் இணைக்கப்பட்டு கொச்சி மாநகராட்சி உருவானபோது, மட்டாஞ்சேரி தனக்கென நகராட்சி இல்லாத பகுதியாயிற்று. மாநகராட்சியின் நாய்க் கருத்தடை மையம் அமைக்கப்பட்டதோ, நகரத்தின் குப்பைக் கிடங்கு இருக்கும் பிரம்மபுரத்தில். மட்டாஞ்சேரியில் பிடிக்கப்படும் ஒரு நாய் காயலைக் கடந்து, நகரத்தின் மறுகோடிக்குச் சென்று, அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் கூண்டில் இருந்து, மீண்டும் அதே சந்துக்குத் திரும்ப வேண்டும். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பதே கருத்தடை விதி.

எந்த நாய் எந்தச் சந்துக்கு உரியது, எது ஏற்கெனவே கருத்தடை ஆனது, எது யாருடைய குரலுக்கு வரும் என்பதெல்லாம் மாநகராட்சிப் பதிவேட்டில் இருப்பதில்லை. நாள்தோறும் அவற்றுக்கு உணவிடுபவருக்கே அது தெரியும். அவர் துணையின்றி வண்டியுடன் வரும் ஊழியர்களுக்குச் சுருக்குக் கயிறும் ஓட்டமுமே மிஞ்சும். தன்னார்வலர்களின் பங்கு கருணை சார்ந்த விருப்பம் மட்டுமல்ல, நிர்வாகத்தின் தேவை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டியதில்லை.

வழக்குகள் சொல்லும் கதை

2020-ம் ஆண்டு டிசம்பரில், எர்ணாகுளம் மாவட்டம் செங்கமநாடு அருகே, நாய் ஒன்று காரின் பின்புறம் கயிற்றால் கட்டப்பட்டுச் சாலையில் இழுத்துச் செல்லப்பட்டது. பின்னால் வந்த ஒருவர் அதைப் படம் பிடித்தார். காரைத் தடுத்தும் நிறுத்தினார். காவல் துறை வழக்குப் பதிவு செய்து ஓட்டுநரைக் கைது செய்தது. மோட்டார் வாகனத் துறையும் அவரது ஓட்டுநர் உரிமத்தின் மீது நடவடிக்கையில் இறங்கியது. 50 ரூபாய் அபராதத்தால் தர முடியாத அச்சத்தை உரிமம் பறிபோகும் வாய்ப்பு தந்தது. குடிமகன் ஒருவரும் மூன்று அரசுத் துறைகளில் இரண்டும் தத்தம் வேலையைச் செய்தால் பழைய சட்டத்தைக் கொண்டும் ஓரளவு நியாயம் பெற முடியும் என்பதற்கு அது சான்று.

அடுத்த ஆண்டு ஜூன் மாத இறுதியில், திருவனந்தபுரம் மாவட்டம் அடிமலத்துறைக் கடற்கரையில் 'புரூனோ' என்ற வளர்ப்பு நாய் அடித்துக் கொல்லப்பட்டு, கடலில் வீசப்பட்டது. இச்சம்பவத்தைக் கேரள உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, அவ்வழக்குக்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது. மாநில பிராணிகள் நல வாரியத்தைச் சீரமைப்பது முதல் உள்ளாட்சிகளின் கடமைகள் வரை பல உத்தரவுகள் அவ்வழக்கில் பிறந்தன.

அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த 2021 ஜூலையிலேயே கொச்சியை ஒட்டிய திருக்காக்கரையிலிருந்து அதிர்ச்சிச் செய்தி வந்தது. நாய் ஒன்று சுருக்கிட்டுப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்படும் காட்சியை விலங்குநல ஆர்வலர்கள் வெளிக்கொண்டு வந்தனர். தொடர்ந்து, நகராட்சிக்குச் சொந்தமான வளாகத்தில் புதைக்கப்பட்டிருந்த பல நாய்களின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. விஷ ஊசி போட்டு அவை கொல்லப்பட்டதாகவும், அதில் நகராட்சி ஊழியருக்குத் தொடர்பு இருப்பதாகவும் குற்றச்சாட்டு எழுந்தது. உயர் நீதிமன்றம் இதையும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

மற்ற வழக்குகளில் வதை செய்தவர் தனிநபர். தடுக்க வேண்டியது உள்ளாட்சி. திருக்காக்கரையிலோ, தடுக்க வேண்டிய அமைப்பே குற்றச்சாட்டுக்கு உள்ளானது. அதை வெளிக்கொணர்ந்தவர்கள் தன்னார்வலர்கள். உள்ளாட்சியும் தன்னார்வலர்களும் கைகோக்க வேண்டும் எனப் பேசும் எவரும் இந்த அனுபவத்தைக் கடந்து செல்ல முடியாது. கூட்டுறவு என்பது உள்ளாட்சிக்குத் துணை நிற்பது மட்டுமல்ல. தேவைப்படும்போது அதைக் கண்காணிப்பதும் ஆகும்.

குடும்பஸ்ரீக்குத் தடை

கேரளத்தில் நாய்க் கருத்தடைப் பணியில் பெரும்பங்கு ஏற்றிருந்தது 'குடும்பஸ்ரீ' மகளிர் இயக்கம். 2017-ம் ஆண்டு முதல் பல மாவட்டங்களில் நாய்களைப் பிடிப்பது, மையங்களை நடத்துவது ஆகிய பணிகளை அவ்வியக்கத்தின் பெண்கள் செய்தனர். அவ்வியக்கம் மத்திய பிராணிகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதல்ல என்பதால், 2021 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

அங்கீகாரமின்றி அறுவை சிகிச்சைப் பணியில் ஈடுபடக் கூடாது என்பது விதிப்படி சரியே. முறையான வசதியின்றி நடக்கும் கருத்தடையும் ஒருவகை வதைதான். ஆனால், விலக்கப்பட்ட அமைப்பின் இடத்தில் நிற்க உடனடியாக வேறு அமைப்பு இல்லை. அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவனங்கள் கேரளத்தில் மிகச் சில. அனுபவமிக்க மருத்துவர், குளிரூட்டப்பட்ட அறுவை அரங்கு, கண்காணிப்புக் கேமரா என வாரியம் கேட்கும் நிபந்தனைகளைச் சிறு பஞ்சாயத்துகளால் நிறைவேற்ற இயலாது என மாநில அரசு தொடர்ந்து முறையிட்டு வந்தது. புதிய மையம் அமைக்க இடம் தேடினாலோ, அருகில் வசிப்போர் எதிர்க்கின்றனர். நாய்களும் வேண்டாம், நாய்களைக் குறைக்கும் மையமும் வேண்டாம் என்ற நிலை.

கருத்தடை தேங்கியதன் விளைவு 2022-ல் தெரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில், நாய்க்கடிக்குப் பின் தடுப்பூசி போடப்பட்டிருந்தும் பத்தனம்திட்டா மாவட்டத்தில் 12 வயதுச் சிறுமி வெறிநோயால் உயிரிழந்தார். மாநிலமே கொதித்தது. அதே மாதத்தில் கோட்டயம் மாவட்டம் முளக்குளத்திலும், கொச்சியை அடுத்த ஏரூரிலும் நாய்கள் கூட்டமாக இறந்து கிடந்தன; விஷம் வைக்கப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தது. மக்கள் சட்டத்தைக் கையில் எடுக்கக் கூடாது என அறிவுறுத்துமாறு உயர் நீதிமன்றம் கூற, மாநிலக் காவல் துறைத் தலைவர் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். செப்டம்பர் 20 முதல் ஒரு மாத காலத் தடுப்பூசி இயக்கத்தை மாநில அரசு தொடங்கியது.

2023 ஜூனில் கண்ணூர் மாவட்டம் முழப்பிலங்காட்டில் 11 வயதுச் சிறுவன் தெரு நாய்களால் கடித்துக் கொல்லப்பட்டான். பேச்சுத்திறன் இல்லாத அச்சிறுவனால் உதவி கேட்டுக் கத்தவும் இயலவில்லை. இத்தகைய மரணங்களுக்கு முன்னால் கருணையைப் பற்றிப் பேசுவோர் குரல் தாழ்ந்துவிடுவது இயல்பே. மக்களின் அச்சத்தை மிகையென ஒதுக்குவதும் நியாயமல்ல. மாநிலச் சுகாதாரத் துறைக் கணக்கின்படி 2024-ல் கேரளத்தில் நாய்க்கடிக்குச் சிகிச்சை பெற்றோர் சுமார் 3.16 லட்சம் பேர். வெறிநோயால் இறந்தோர் 26 பேர். அதே ஆண்டில் தமிழகத்தில் பதிவான கடிகள் சுமார் 4.8 லட்சம், நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேல். கடிபடுவோரில் பெரும்பாலோர் காரில் செல்வோர் அல்லர். நடந்து பள்ளி செல்லும் குழந்தைகள், அதிகாலையில் வேலைக்குச் செல்லும் உழைப்பாளிகள், முதியோர்.

தில்லியிலிருந்து வந்த உத்தரவுகள்

2025 ஜூலை 28-ல் உச்ச நீதிமன்றம் தெரு நாய்ப் பிரச்சினையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு ஏற்றது. தில்லித் தலைநகரப் பகுதியின் எல்லா நாய்களையும் காப்பகங்களில் அடைக்க வேண்டும், மீண்டும் தெருவில் விடக் கூடாது என நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் கொண்ட அமர்வு ஆகஸ்ட் 11-ல் உத்தரவிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின், நீதிபதி விக்ரம் நாத் தலைமையிலான மூவர் அமர்வு ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றியது. வெறிநோய் உள்ளவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் பிடித்த இடத்திலேயே விடலாம். பொது இடங்களில் கண்டபடி உணவிடக் கூடாது. அதற்கென இடங்களை உள்ளாட்சிகள் ஒதுக்க வேண்டும் என்றது. வழக்கின் எல்லையும் நாடு முழுவதற்கும் விரிந்தது.

அடுத்து நடந்ததே கவனிக்கத்தக்கது. அக்டோபர் 27-ல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, மாநிலங்களில் மேற்கு வங்கமும் தெலங்கானாவும் மட்டுமே பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருந்தன. மற்ற மாநிலங்களின் தலைமைச் செயலர்களை நேரில் ஆஜராகுமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. நவம்பர் 7-ல், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து, ரயில் நிலையங்கள், விளையாட்டு வளாகங்கள் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றி, அவற்றை அங்கு மீண்டும் விடாமல் காப்பகங்களில் வைக்க ஆணையிட்டது.

2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 859 பேர் வாழும் கேரளத்தில் இத்தனை காப்பகங்களுக்கு இடம் எங்கே என்ற கேள்வி எழுகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தின் தெரு நாய்கள் சுமார் 2.89 லட்சம். முறையான உணவும் மருத்துவமும் இல்லாத காப்பகம், சுவர் கட்டிய வதைக்கூடமாக மாறும் அபாயம் உண்டு. கடும் நோயுற்ற நாய்களைக் கருணைக் கொலை செய்ய அனுமதிக்கும் முடிவைக் கேரள அரசு 2025 ஜூலையில் அறிவித்ததும், அது உயர் நீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. கொல்வதா, அடைப்பதா என்ற இரண்டே வழிகள் இருப்பதுபோல விவாதம் சுருங்கியதில், விதிகள் காட்டும் மூன்றாவது வழி மறக்கப்பட்டது.

சென்னையும் கோவாவும் காட்டிய வழி

அந்த மூன்றாவது வழி தமிழகத்துக்குப் புதிதல்ல. சென்னை மாநகராட்சி நாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்த காலத்தில், 1960-களிலேயே அதற்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்தது 'புளூ கிராஸ்' அமைப்பு. அதன் நிறுவனர்களில் ஒருவரான சின்னி கிருஷ்ணா இக்கோரிக்கையை விடாமல் வலியுறுத்தினார். மாநகராட்சி இணங்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 1990-களின் நடுவில் தென்சென்னையில் தொடங்கிய அக்கூட்டு முயற்சியே பின்னர் தேசிய விதிகளுக்கு முன்னோடியாயிற்று.

கோவாவில் மாநில அரசும் 'மிஷன் ரேபிஸ்' தொண்டு அமைப்பும் இணைந்து வீடுவீடாக, தெருத்தெருவாக நாய்களுக்குத் தடுப்பூசி போட்டன. பள்ளிகளில் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தின. 2018 தொடங்கி மூன்றாண்டுகள் அங்கு மனிதர்களில் வெறிநோய் மரணம் பதிவாகவில்லை. 2021-ல் வெறிநோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியாக அம்மாநிலம் அறிவிக்கப்பட்டது. நாய்களில் எழுபது சதவீதத்துக்குத் தடுப்பூசி சென்றடைந்தால் நோய்ச் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார அமைப்பின் நெடுநாள் நிலைப்பாடு. 2030-க்குள் நாய்வழி வெறிநோயை ஒழிப்பது என்ற மத்திய அரசின் 2021-ம் ஆண்டுத் திட்டமும் அதையே அடிப்படையாகக் கொண்டது. இவ்விலக்கை அடைய, நாயை நெருங்கக்கூடிய மனிதர்கள் வேண்டும். அடியும் விஷமும் கண்ட நாய் எந்த மனிதரையும் நெருங்கவிடாது. எனவே, வதையைத் தடுப்பது நாய்களுக்குச் செய்யும் சலுகை அல்ல. தடுப்பூசித் திட்டத்தின் முதல் படி.

சட்டத்தில் உள்ள ஓட்டைகள்

கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். மிருகவதையைத் தடுக்கத் தனிநபர் மசோதாவை அவர் கொண்டுவந்தபோது, அரசே சட்டம் இயற்றும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அதன் விளைவே 1960-ம் ஆண்டுச் சட்டம். 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. சென்னையிலிருந்து இயங்கிய அவ்வாரியத்தின் தலைமையகம் 2018-ல் ஹரியாணாவின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

அன்று விதிக்கப்பட்ட 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையிலான அபராதம் 2025 முடியவும் மாறவில்லை. மேலும், கொடிய முறையில் ஒரு பிராணியைக் கொல்வதும் ஊனப்படுத்துவதும் காவல் துறை நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றங்கள். ஆனால் அடிப்பதும், பட்டினி போடுவதும், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதும் அப்படியல்ல. நீதிமன்ற அனுமதியின்றிப் போலீஸார் அவற்றை விசாரிக்க இயலாது. குற்றம் நடந்த மூன்று மாதங்களுக்குள் வழக்கு தொடராவிட்டால் அது காலாவதியாகிவிடும். புகாரைப் பெறக் காவல் நிலையம் தயங்கும் ஒவ்வொரு வாரமும் குற்றவாளிக்கே லாபம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 325-வது பிரிவு, பிராணிகளைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பிராணியின் மதிப்பு 10 ரூபாயா, 50 ரூபாயா எனப் பழைய தண்டனைச் சட்டம் பார்த்த கணக்கு அதில் நீங்கியுள்ளது. இது முன்னேற்றம். ஆனால், கொலை வரை செல்லாத அன்றாட வதைக்கு இன்னமும் பழைய சட்டமே கதி. அதைத் திருத்தி, கடும் வதைக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் வரைவு மசோதா 2022 நவம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. 2025 இறுதி வரை அது சட்டமாகவில்லை.

ஒரே மேசையில் அமரட்டும்

2023-ம் ஆண்டுக் கருத்தடை விதிகள், ஒவ்வொரு உள்ளாட்சியிலும் விலங்குநல அமைப்புகளும் இடம்பெறும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கின்றன. உணவிடும் இடங்களைக் குடியிருப்போர் சங்கமோ உள்ளாட்சிப் பிரதிநிதியோ முடிவு செய்ய வேண்டும். அவை குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் வாசலுக்கும் தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. மாவட்டந்தோறும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என 2001-ம் ஆண்டு விதி கூறுகிறது. ஆகவே, கூட்டுறவுக்குப் புதிதாகச் சட்டம் தேவையில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட மேசையைச் சுற்றி நாற்காலிகளைப் போட்டால் போதும்.

அம்மேசையில் இரு தரப்புக்கும் கடமைகள் உண்டு. உணவிடுவோர், கருத்தடைக்கு நாயைப் பிடித்துத் தரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். உணவிட்டுவிட்டுச் செல்வது மட்டும் தொண்டாகாது. கடிபட்டவரின் வீட்டுக்குச் சென்று விசாரிக்கும் மனமும் அவர்களுக்கு வேண்டும். உள்ளாட்சிகள், எத்தனை நாய்களுக்கு எந்த வார்டில் கருத்தடை ஆயிற்று என்ற கணக்கை மாதந்தோறும் வெளியிட வேண்டும். கழிவை நாள்தோறும் அகற்ற வேண்டும். காவல் துறையோ, வதைப் புகாரை அற்பமெனத் திருப்பி அனுப்பாமல் பதிவு செய்ய வேண்டும்.

மட்டாஞ்சேரியின் ஒரு சந்தில் கருத்தடை ஆன, தடுப்பூசி போட்ட, அப்பகுதியினர் பெயரிட்டு அழைக்கும் நாய் இருக்கும்போது, அங்கே விஷத்துக்கும் வேலையில்லை, குழந்தைகளுக்கும் அச்சமில்லை. அந்த நிலைக்கு நகரத்தைக் கொண்டு செல்வது நீதிமன்றத்தின் வேலையல்ல. 50 ரூபாய் அபராதத்தை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். மற்ற அனைத்தையும் செய்ய வேண்டியது நகராட்சி. திருக்காக்கரையில் தோண்டி எடுக்கப்பட்டவை நாய்களின் உடல்கள் மட்டுமல்ல, இருபது ஆண்டுகளாகச் செயல்படுத்தப்படாத விதிகளும்தான். அவற்றை மீண்டும் புதைத்துவிடாமல் இருப்பதே கேரளத்துக்கும், தமிழகம் உள்ளிட்ட பிற மாநிலங்களுக்கும் முன்னுள்ள கடமை.